பந்து ராசி பார்க்குமா?

காலையில் நாளிதழ் வந்ததும் தாத்தா அரசியல் செய்தியையும், அண்ணன் விளையாட்டுப் பக்கத்தையும், பாட்டி ராசிபலனையும் தேடுவது நம் ஊரில் பல வீடுகளில் காணும் காட்சி. விளையாட்டுப் பக்கத்தையும் ராசிபலன் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் என்ன என்று பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு ஓர் எண்ணம் எழுந்தது. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிபவர்களை ராசிவாரியாக அடுக்கிப் பார்க்கும் ரசிகர்கள் உண்டு. நமக்குப் பழக்கமான ஆட்டம் கிரிக்கெட். ஆகவே கிரிக்கெட் பந்து வீச்சாளர்களை அவரவர் ராசிப்படி பிரித்தால், இன்ன ராசிக்காரரே சிறந்தவர் என்று மதிப்பிட முடியுமா என்று ஆராயத் துணிந்தோம்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணலாம். ஆனால் இதே ராசியையும் நட்சத்திரத்தையும் வைத்துத்தான் நம்மில் பலரது எதிர்காலம் பேசப்படுகிறது. பந்து வீச்சாளர்களின் சாதனையோ எண்களாகப் பதிவாகியுள்ளது. ஆகவே ராசியின் சொல்லை உரைத்துப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது.

ராசி என்பது யாது?

வானத்தில் சூரியன் ஓராண்டில் சுற்றி வருவதாகத் தோன்றும் பாதையை முன்னோர் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரித்து, மேஷம் முதல் மீனம் வரை பெயரிட்டனர். இவையே ராசிகள். நம் வழக்கில் ஒருவரின் ராசி என்றால், அவர் பிறந்த வேளையில் சந்திரன் நின்ற வீடு. சந்திரன் ஒரு வீட்டைக் கடக்க ஏறத்தாழ இரண்டேகால் நாள் ஆகும். ஆகவே பிறந்த நேரம் தெரியாமல் இதனை எப்போதும் உறுதியாகச் சொல்ல இயலாது. மேனாட்டார் வழக்கில் ராசி என்பது சூரியன் நின்ற வீடு. அதற்குப் பிறந்த தேதி மட்டும் போதும்.

நம்மிடமும் சூரிய ராசி இல்லாமல் இல்லை. நம் தமிழ் மாதங்களே சூரிய ராசிகள்தாம். சூரியன் மேஷத்தில் புகும் நாள் சித்திரை முதல் நாள், அதாவது ஏப்ரல் 14. மேனாட்டாருக்கோ மார்ச் 21ஐ ஒட்டியே மேஷம் பிறந்துவிடுகிறது. இந்த 24 நாள் வேறுபாடு ஏன்? பூமியின் அச்சு, சுழன்று தளரும் பம்பரத்தின் தலைபோல, ஏறத்தாழ 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை மெல்ல வட்டமிடுகிறது. நம்மவர் விண்மீன்களை வைத்துக் கணக்கிட, மேனாட்டார் பகலும் இரவும் சமமாகும் நாளை வைத்துக் கணக்கிடுகின்றனர். இதனால் ஒரே மனிதருக்கு இரண்டு சூரிய ராசிகள் அமைந்துவிடுவதுண்டு. 1959 ஜனவரி 6 அன்று பிறந்த கபில்தேவ் மேனாட்டுக் கணக்கில் மகரம். நம் கணக்கில் மார்கழிக்குரிய தனுசு.

பன்னிரு பெயர்கள்

இந்தியாவுக்காக டெஸ்ட் ஆட்டங்களில் 200 விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர்கள் 2025 வரை பன்னிருவர். ராசிகளும் பன்னிரண்டு என்பதால் இப்பட்டியலையே எடுத்துக்கொண்டோம். அவர்கள் பிறந்த நாட்கள் வருமாறு:

ஜனவரி 6 – கபில்தேவ்
மே 17 – சந்திரசேகர்
ஜூலை 3 – ஹர்பஜன் சிங்
ஆகஸ்ட் 31 – ஸ்ரீநாத்
செப்டம்பர் 2 – இஷாந்த் சர்மா
செப்டம்பர் 3 – முகமது ஷமி
செப்டம்பர் 17 – அஸ்வின்
செப்டம்பர் 25 – பிஷன் சிங் பேடி
அக்டோபர் 7 – ஜாகீர் கான்
அக்டோபர் 17 – கும்ப்ளே
டிசம்பர் 6 – ஜடேஜா
டிசம்பர் 6 – பும்ரா

பட்டியலை எழுதி முடித்ததும் எங்களுக்கு வியப்பே மேலிட்டது. ஆகஸ்ட் 31 முதல் அக்டோபர் 17 வரையுள்ள 48 நாட்களுக்குள் எழுவர் பிறந்திருக்கின்றனர்! மேனாட்டு முறைப்படி கன்னி ராசிக்கு நால்வர், துலாம் ராசிக்கு மூவர். பிறந்த நாட்கள் ஆண்டு முழுவதும் சமமாகப் பரவியிருந்தால் பன்னிருவரில் ஒருவரோ இருவரோதான் இந்த 48 நாட்களுக்குள் வரவேண்டும். சோதிடத்தில் நம்பிக்கை உள்ளவர் எவரேனும் இதைக் கண்டால், "பார்த்தீர்களா, கன்னிக்கும் துலாத்துக்கும் பந்து வீச்சு யோகம்!" என்று மகிழ்வார் அல்லவா?

ஆனால் இதே எழுவரை நம் தமிழ் மாதக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஸ்ரீநாத்தும் இஷாந்தும் ஷமியும் ஆவணியில் பிறந்தவர்கள், ஆகவே சிம்மம். பேடியும் ஜாகீர் கானும் புரட்டாசி, ஆகவே கன்னி. அஸ்வின் புரட்டாசி பிறக்கும் நாளை ஒட்டியும், கும்ப்ளே ஐப்பசி பிறக்கும் நாளை ஒட்டியும் எல்லைக் கோட்டில் நிற்கின்றனர். மேனாட்டுக் கணக்கில் "கன்னிக்குரிய பொறுமையால் வென்றார்" என்று புகழப்படும் ஸ்ரீநாத், நம் கணக்கில் "சிம்மத்துக்குரிய வீரத்தால் வென்றார்" என்று புகழப்பட வேண்டியவராகிறார். இரண்டு புகழ்ச்சியும் பொருந்துவது போலவே தோன்றும். எவருக்கும் பொருந்தும் சட்டையை ஒருவருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது என்று கூறலாகுமா?

வேறு பட்டியலில் சோதித்தோம்

கணிதப் பாடத்தில் நிகழ்தகவு படிக்கும்போது நாம் உணரும் உண்மை ஒன்றுண்டு. பன்னிரண்டு என்பது சிறிய எண்ணிக்கை. சிறிய எண்ணிக்கையில் தற்செயலாகவே கொத்துகள் தோன்றும். அம்பு எய்த பின்பு, அது தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைந்துவிட்டு "குறி தவறவில்லை" என்று சொல்வது எளிது. ஆகவே முன்பே வரைந்துவிட்ட அதே வட்டத்தில் புதிய அம்பு விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்காகப் பிற நாட்டவருள் 500 டெஸ்ட் விக்கெட்டுகளைக் கடந்தவர்களை எடுத்துக்கொண்டோம். அவர்கள் எழுவர். முரளிதரன் ஏப்ரல் 17, ஷேன் வார்ன் செப்டம்பர் 13, ஆண்டர்சன் ஜூலை 30, பிராட் ஜூன் 24, மெக்ராத் பிப்ரவரி 9, லயன் நவம்பர் 20, வால்ஷ் அக்டோபர் 30. நம் 48 நாட்களுக்குள் வருபவர் வார்ன் ஒருவரே. முதற்பட்டியலில் பன்னிருவரில் எழுவர். இரண்டாம் பட்டியலில் எழுவரில் ஒருவர். கன்னிக்கும் துலாத்துக்கும் உரிய யோகம் கடல் கடந்ததும் கரைந்து போயிற்று.

இன்னொரு வேடிக்கையும் கண்ணில் பட்டது. முரளிதரன் ஏப்ரல் 17, சந்திரசேகர் மே 17, அஸ்வின் செப்டம்பர் 17, கும்ப்ளே அக்டோபர் 17. நால்வரும் சுழற்பந்து வீச்சாளர்கள். நால்வரின் விக்கெட்டுகளையும் கூட்டினால் 2,198. ஒன்றும் ஏழும் எட்டு. எட்டோ சனியின் எண் என்று எண் சோதிடத்தில் பலர் அஞ்சும் எண். அப்படியானால் எட்டாம் எண்காரரே சுழற்பந்தில் வல்லவர் என்று புதுச் சாத்திரம் எழுதிவிடலாமா? வார்ன் 13ஆம் தேதி, பேடி 25, ஹர்பஜன் 3, லயன் 20, நம் சென்னை வெங்கட்ராகவன் 21. சாத்திரம் எழுதி முடிக்கும் முன்பே பொய்த்துவிடுகிறது. தேடிப் புறப்பட்டவருக்கு ஏதேனும் ஒரு பொருத்தம் கிடைத்தே தீரும் என்பது இதனால் விளங்கும்.

ஒரே ராசி, வெவ்வேறு வாழ்வு

பந்து வீச்சாளரை அளக்க மூன்று அளவுகோல்கள் உண்டு. ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ஓட்டங்கள் கொடுத்தார் என்பது சராசரி. எத்தனை பந்துகளுக்கு ஒரு விக்கெட் எடுத்தார் என்பது ஸ்டிரைக் ரேட். ஓர் ஓவருக்கு எத்தனை ஓட்டங்கள் கொடுத்தார் என்பது எக்கானமி. மூன்றும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்று.

கபில்தேவும், 1965 டிசம்பர் 31 அன்று சென்னையில் பிறந்த எல். சிவராமகிருஷ்ணனும் மேனாட்டு முறையில் மகரம், நம் முறையில் தனுசு. எம்முறையில் பார்த்தாலும் இருவரும் ஒரே வீட்டுக்காரர். கபில்தேவ் வேகப்பந்து வீசி 131 டெஸ்டுகளில் 434 விக்கெட்டுகள் எடுத்தார், சராசரி 29.64. சிவராமகிருஷ்ணன் சுழற்பந்து வீசி 9 டெஸ்டுகளில் 26 விக்கெட்டுகள் எடுத்தார்; சராசரி 44.03. மறுபுறம் கும்ப்ளேயைப் பாருங்கள். ராசி வேறு, பந்து வீசும் முறை வேறு. ஆனால் அவரது சராசரி 29.65. கபில்தேவின் சராசரிக்கும் இதற்கும் நூற்றில் ஒரு பங்குதான் வேறுபாடு!

நமக்கு அண்மையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் பிறந்தவர் எம். ஜே. கோபாலன். 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் பந்தை வீசியவர் அவரே. ஹாக்கியிலும் அவர் வல்லவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கியா, இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணமா என்ற நிலை வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹாக்கி அணி தங்கப் பதக்கத்துடன் திரும்பியது. கோபாலனுக்கோ அப்பயணத்தில் ஒரு டெஸ்ட் ஆட்டமும் கிட்டவில்லை. வாழ்நாளில் அவர் ஆடிய டெஸ்ட் ஒன்றே, எடுத்த விக்கெட்டும் ஒன்றே. அவரது பிறந்த நாள் ஜூன் 6. மே 22இல் பிறந்த பிரசன்னாவும் அவரும் இரு முறைகளிலும் ஒரே ராசி. பிரசன்னா 49 டெஸ்டுகளில் 189 விக்கெட்டுகள் எடுத்தார். வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? கோபாலனின் காலத்தில் இந்தியா ஆடிய டெஸ்டுகளே மிகச் சில; கிடைத்த வாய்ப்பும் ஒரு தேர்வில் நழுவிற்று.

ராசி ஒன்றாயினும் பிறந்த நேரம் வேறாயிற்றே என்று சிலர் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை இரட்டையரிடம் உள்ளது. 1918 ஜூலை 4 அன்று இங்கிலாந்தில் பிறந்த இரட்டையர் அலெக் பெட்சரும் எரிக் பெட்சரும். இருவரும் ஒரே வகைப் பந்து வீசினால் ஒருவருக்கு ஒருவர் போட்டியாகிவிடுவோம் என்று கருதி, காசு சுண்டிப் பார்த்து, அலெக்குக்கு மிதவேகம், எரிக்குக்குச் சுழல் என்று பிரித்துக்கொண்டனர் என்பது கிரிக்கெட் உலகில் வழங்கும் கதை. அலெக் 51 டெஸ்டுகளில் 236 விக்கெட்டுகள் எடுத்தார். எரிக் ஒரு டெஸ்ட் கூட ஆடவில்லை.

இந்த வாதம் புதிதன்று. ஹிப்போ நகர ஆயராயிருந்த புனித அகுஸ்தினார் இளமையில் சோதிடத்தில் நாட்டம் கொண்டிருந்தவர். செல்வர் வீட்டில் ஒரு குழந்தையும் அடிமைப் பெண்ணுக்கு ஒரு குழந்தையும் ஒரே நொடியில் பிறந்ததையும், முன்னது செல்வத்திலும் பின்னது அடிமைத்தனத்திலும் வளர்ந்ததையும் கேட்டறிந்து, அவர் அதை அடியோடு கைவிட்டார். ஏசாவும் யாக்கோபும் இரட்டையராய்ப் பிறந்தும் வெவ்வேறு வழி நடந்ததையும் அவர் சுட்டிக் காட்டுகிறார். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் அவர் கண்டதையே பெட்சர் சகோதரர்களும் மெய்ப்பிக்கின்றனர்.

நாட்காட்டியில் ஒளிந்திருக்கும் காரணம்

அப்படியாயின் நம் நாட்டு எழுவர் 48 நாட்களுக்குள் கூடியது முற்றிலும் தற்செயல்தானா? பெரும்பங்கு தற்செயலாயிருக்கலாம். ஆயினும் வேறொரு காரணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1985இல் கனடா நாட்டு உளவியல் அறிஞர் ரோஜர் பார்ன்ஸ்லி என்பவரும் அவருடைய துணைவரும் பனித்தரை ஹாக்கி வீரர்களின் பிறந்த நாட்களை ஆராய்ந்து வெளியிட்டனர். சிறந்த வீரர்களுள் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோரே மிகுதியாக இருந்தனர். அங்குச் சிறுவர் அணிகளுக்கு வயது கணக்கிடும் நாள் ஜனவரி 1. ஜனவரியில் பிறந்த சிறுவனும் டிசம்பரில் பிறந்த சிறுவனும் ஒரே பிரிவில் ஆடுகின்றனர். மூத்தவன் உயரமாகவும் வலுவாகவும் இருக்கிறான். பயிற்சியாளர் அவனையே தேர்ந்தெடுக்கிறார். அவனுக்கே நல்ல பயிற்சி கிடைக்கிறது. பயிற்சி கிடைத்தவன் மெய்யாகவே சிறந்தவனாகிறான்.

நம் வகுப்பறையிலும் இதைக் காணலாம். முதல் வகுப்பில் ஒரே நாளில் சேர்ந்த இரு குழந்தைகளுக்கிடையே பதினொரு மாத வயது வேறுபாடு இருப்பதுண்டு. ஐந்து வயதில் பதினொரு மாதம் என்பது பெரிய இடைவெளி.

இந்தியக் கிரிக்கெட் வாரியம் இளையோர் போட்டிகளுக்கு வயது கணக்கிடும் நாள் செப்டம்பர் 1. செப்டம்பரில் பிறந்தவர் தம் பிரிவில் மூத்தவராகிறார். நம் பட்டியலில் செப்டம்பரும் அக்டோபரும் நிறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கக் கூடும். இதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 31இல் பிறந்த ஸ்ரீநாத் இந்தக் கணக்கில் தம் பிரிவிலேயே மிக இளையவர் ஆகிறார். அப்படியிருந்தும் அவர் 236 விக்கெட்டுகள் எடுத்தார். ஆனால் இந்தக் காரணத்துக்கும் ராசிக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. விண்மீனை நம்மால் நகர்த்த இயலாது. வயது கணக்கிடும் நாளை ஒரு கூட்டத்தில் அமர்ந்து மாற்றலாம். இளைய குழந்தைக்குக் கூடுதலாக ஓராண்டு பொறுத்துப் பார்க்கலாம்.

பந்தைக் கையில் கொடுத்தவர் யார்?

பந்து வீச்சாளர்களின் வாழ்க்கையைப் படித்தபோது எங்கள் உள்ளத்தில் பதிந்தவை வேறு செய்திகள். கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த முரளிதரன் முதலில் மிதவேகப் பந்துதான் வீசினார். பதினான்கு வயதளவில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ அவரைச் சுழற்பந்து வீசச் சொன்னார். அந்த அறிவுரைக்கு முந்திய நாளும் பிந்திய நாளும் அவர் பிறந்த ராசி ஒன்றே. மாறியது பந்தைப் பிடித்த விரல்கள். விளைவு 800 விக்கெட்டுகள்! மைசூரில் பிறந்த சந்திரசேகருக்குச் சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் வலக்கை மெலிந்தது. மெலிந்த அந்தக் கையாலேயே பந்து வீசி 242 விக்கெட்டுகள் எடுத்தார்.

பெண்களுள் ஜூலன் கோஸ்வாமி மேற்கு வங்காளத்துச் சக்தா என்னும் சிற்றூரில் பிறந்தவர். 1997இல் கல்கத்தாவில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எல்லைக்கு வெளியே பந்து பொறுக்கிக் கொடுக்கும் சிறுமியாக நின்றார். பின்னர் விடியற்காலை ரயிலேறி நகருக்குச் சென்று பயிற்சி பெற்றார். 2022இல் ஓய்வு பெற்றபோது ஒரு நாள் ஆட்டங்களில் 255 விக்கெட்டுகள் எடுத்து, மகளிர் கிரிக்கெட்டில் அனைவருக்கும் முன்னே நின்றார். நம் ஒலக்கூர் நிலையத்தில் புத்தகப் பையோடு காலை ரயிலுக்குக் காத்திருப்போருக்கு அந்தப் பயணத்தின் அருமை நன்கு தெரியும். அவர் பிறந்த நவம்பர் 25 மேனாட்டாருக்குத் தனுசு, நமக்கு விருச்சிகம். அந்த ரயில் இரண்டு ராசிக்காரரையும் ஏற்றிக்கொண்டுதான் சென்றது.

அன்புத் தோழியரே, பெற்றோரே! "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்ற பழமொழி நம் ஊர்களில் இன்றும் காதில் விழுகிறது. மூலத்தில் பிறந்தாள், செவ்வாய் தோஷம் உடையவள் என்று சொல்லப்பட்ட பெண் தலைகுனிந்து நிற்பதை நாம் அறிவோம். ஒரே விண்மீன் ஆணுக்கு அரசையும் பெண்ணுக்கு அழிவையும் தருமானால், அந்த வேறுபாட்டைச் செய்தது விண்மீனா, அல்லது நாமா? பெரியோரின் நம்பிக்கையைப் பழிக்க நாங்கள் இதை எழுதவில்லை. எண்ணிப் பார்க்கக் கூடியதை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும் என்று மட்டுமே பணிவுடன் கேட்கிறோம்.

ஒரு பந்து வீச்சாளரை மதிப்பிட வேண்டுமானால் முதலில் பந்தைக் கையில் கொடுக்க வேண்டும். போதிய ஓவர்கள் வீசவிட வேண்டும். அதன் பிறகு கணக்கைப் பார்க்க வேண்டும். வீசுவதற்கு முன்பே பிறந்த நாளைப் பார்த்து ஒருவரை ஒதுக்கிவிட்டால், அவர் எத்தனை விக்கெட் எடுத்திருப்பார் என்பது எவருக்கும் தெரியாமலே போய்விடும். படிப்பிலும் தொழிலிலும் வாழ்விலும் முறை இதுவே. பெண் மக்களாகிய எங்களுக்கும் பந்தைக் கொடுங்கள். நாங்கள் வீசிய பின்பு, வீசியதைக் கொண்டு எங்களை அளந்து பாருங்கள்.